அடைச்சூடு

பலகையில் தனியாக இருந்த அந்த விளக்கைத் தூசி தட்டலாம் என்று கையில் எடுத்தபோது அது சூடாக இருந்தது. வெயில் பட்ட சாமானின் சூடு அல்ல. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டால் தெரியுமே, அதுபோல உள்ளேயிருந்து வருகிற சூடு. கயல்விழி அதைத் திருப்பிப் பார்த்தாள். பல்பு மாட்டவில்லை. ஒயர்கூடக் கோக்கவில்லை. அடிப்பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். இருட்டுதான்.

ஆனி மாதம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சூடாகாமல் என்ன செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை இருந்த இடத்திலேயே வைத்தாள். வைத்த கையோடு பக்கத்தில் இருந்த தன் முக்காலியைத் தொட்டாள். அது சில்லென்று இருந்தது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலையில், சௌந்தர்யாவின் அப்பா சென்னிமலையின் பழைய கோழிக் கொட்டகை அது. கோழிகளைப் புதுக் கொட்டகைக்கு மாற்றியபின், கூண்டுகளைக் கழற்றித் தரையைக் கழுவி, மகளும் அவள் தோழி கயல்விழியும் பட்டறை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் காற்று மாறும்போதெல்லாம் தீவனமும் எச்சமும் இறகும் கலந்த அந்தப் பழைய நெடி சுவரிலிருந்து எழுந்து வரும். இரண்டு பக்கமும் நெடுகக் கம்பி வலை. வலைக்கு அப்பால் சோளக்காடு. மதியத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. வலையின் கட்டம் கட்டமான நிழல் மட்டும் தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும்.

இருவரும் ஒரே கல்லூரியில் வடிவமைப்புப் படித்தவர்கள், விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். முட்டைப் பவுடர் ஆலைகளில் மலையாகக் குவிகிற ஓடுகளை வாங்கிக் கழுவி, அரைத்து, பசையில் குழைத்துச் சாமான் செய்யலாம் என்பது இருவரும் சேர்ந்து போட்ட யோசனை. கயல்விழி அதில் முக்காலி செய்தாள். சௌந்தர்யா விளக்கு செய்தாள். பெரிய பறங்கிக்காய் அளவுக்கு, முட்டை வடிவத்தில். சுவர் அத்தனை மெல்லிசு. உள்ளே பல்பைப் போட்டால் ஓடு இருப்பதே தெரியாது, வெளிச்சம்தான் உருண்டு திரண்டு தொங்குகிறது என்று தோன்றும்.

கோபன்ஹேகனில் ஊர் முழுக்க ஒரு வடிவமைப்புத் திருவிழா நடக்கிறது. பழைய சரக்குக் கிடங்கு, மாதா கோவில், படகுத்துறை, கடைவீதி என்று திரும்பின பக்கமெல்லாம் நாற்காலியும் விளக்கும் துணியும் காட்சிக்கு வைத்திருப்பார்கள். தேர் பார்க்கப் போகிற கூட்டம்போல ஜனம் ஒன்று விட்டு ஒன்றுக்கு நடந்துகொண்டே இருக்கும். இருவரும் விண்ணப்பித்தார்கள். சௌந்தர்யாவை அழைத்தார்கள்.

அது நியாயம்தான் என்று கயல்விழிக்குத் தெரியும். தெரிந்ததுதான் தாங்கவில்லை. ஏமாற்றிப் பறித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஆள் பிடித்து வாங்கியிருந்தால் ஏசியிருக்கலாம். விளக்கு அழகாக இருந்தது, அவ்வளவுதான். முக்காலி முக்காலியாக இருந்தது.

ஏழு விளக்குகள் பெட்டி கட்டிப் போயின. பின்னாலேயே சௌந்தர்யாவும் போனாள். உடைந்தால் மாற்றுவதற்கென்று செய்த எட்டாவது விளக்கும் கயல்விழியும் கொட்டகையில் மிஞ்சினார்கள்.

சென்னிமலை தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியை நிறுத்திவிட்டு போனும் கையுமாக வருவார்.

“சாமி, இதப் பாரு. என்ற புள்ள ஏணி மேல ஏறி நிக்கறா. கீழ நிக்கறதெல்லாம் வெள்ளக்காரனுங்க. இவ கை காட்டறா, அவனுங்க கட்டறானுங்க.”

“எனக்கும் அனுப்பியிருந்தாளுங்க அங்கிள்.”

“உனக்கும் ஒரு நாளைக்கு வரும், பாரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான செஞ்சீங்க.”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். மனுஷர் அப்படிப்பட்டவர். அவர் போனபிறகும் அந்த ‘ஒண்ணாத்தான’ காதை விட்டுப் போகவில்லை. கயல்விழி தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, என்ன நினைத்தாளோ, அந்த விளக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடிவயிற்றில் அதன் சூடு இதமாக இருந்தது. சௌந்தர்யா அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்: வெள்ளைச் சுவர்கள், உயரமான ஜன்னல்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு சிரிக்கிற சௌந்தர்யா, அவள் தோளில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் கை. பார்க்கப் பார்க்க அடிவயிற்றுச் சூடு ஏறியது. அது தன்னுடைய எரிச்சலா, விளக்கின் சூடா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். வேலை ஒன்றும் ஓடவில்லை. வலை நிழல் நகர்ந்து சுவரில் ஏறும்வரை விளக்கை அணைத்துக்கொண்டு படங்களைப் பார்ப்பதே மதியமாகிவிட்டது. அப்படி இருந்த ஒரு நாள்தான் சத்தம் கேட்டது. கொட்டகையின் மூலையில் எங்கோ, அடைக்கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்துகிற சத்தம். கொர்ர். கொர்ர். கிட்டப் போனால் கொத்தும் என்கிற மிரட்டல். இந்தக் கொட்டகையில் கோழி இல்லை. இருந்த காலத்திலும் கூண்டில் முட்டையிட்ட அந்த வெள்ளைக் கோழிகள் அடை உட்கார்ந்ததே இல்லை. கயல்விழி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். சத்தம் நின்றது. மூச்சை விட்டாள். கொர்ர்.

அது அவள் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது செருப்பு காலில் நிற்கவில்லை. வளையல் மணிக்கட்டைத் தாண்டிக் கழன்று விழுந்தது.

“ஏன்டி இப்படி எளச்சுக் கெடக்கறே?” என்றாள் அம்மா. “சுடிதாரு கொடியில காயப்போட்ட மாதிரித் தொங்குது. வெயில்ல போயி அந்தக் கொட்டாயிலயே உக்காந்திருந்தா ஒடம்பு என்னத்துக்காகும்?”

“ஒண்ணுமில்லீம்மா.”

இனிப் போகக்கூடாது என்று படுக்கும்போது நினைத்தாள். விடிந்ததும் போனாள். விளக்கு இப்போது கனத்தது. முன்பு ஒற்றைக் கையால் தூக்கியதை இரண்டு கையாலும் இடுப்போடு அணைத்தால்தான் நகர்த்த முடிந்தது. காது வைத்தால் உள்ளே மெல்லிய ஈரச் சத்தம். யாரோ தூக்கத்தில் நாக்கைச் சப்புக்கொட்டுகிற மாதிரி.

சௌந்தர்யா வீடியோவில் கூப்பிட்டாள். இங்கே மதியம், அங்கே காலை. கண்கள் சிவந்திருந்தன.

“கயலு, ஒண்ணு ஒடஞ்சு போச்சுடி. மாட்டறப்ப கை நழுவிருச்சு. நடு வெளக்கு. அது இல்லாம பாத்தா பல்லு போன வாயாட்ட இருக்குது. இன்னைக்கே கூரியர்ல போட்டா தெறப்புக்கு வந்துரும். இல்லீன்னா பெரிய ஹாலு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். எட்டாவது இருக்குதில்ல?”

அது கயல்விழியின் மடியில் இருந்தது. போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

“அதும் ஒடஞ்சு போச்சு.”

“எப்படி?”

“கொரங்கு. வலையக் கிழிச்சுட்டு உள்ள பூந்துருச்சு.”

அந்தப் பக்கம் யாரோ ஏணியை இழுக்கும் ஓசை கேட்டது.

“செரி உடு,” என்றாள் சௌந்தர்யா. “உன்னய ஒண்ணும் கடிச்சுக் கிடிச்சு வெக்கலீல்ல?”

போனை வைத்தபிறகு கயல்விழிக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் எரிந்தது. அழுதுகொண்டிருக்கிறபோதுகூட அவளால் நல்லவளாக இருக்க முடிகிறது. அதிலும் அவள்தான் முந்தி.

சென்னிமலை வருகிற நேரம். அதற்குள் விளக்கு உடைந்திருக்க வேண்டும். அதைத் தரையில் இறக்கிவிட்டுச் சுத்தியலை எடுக்கப் போனாள். பலகை அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. எட்டி எடுத்த சுத்தியல் கையை இழுத்துக்கொண்டு போய்த் தரையில் இடித்தது. சுடிதார் காலைச் சுற்றிக்கொண்டது. சோளக்காட்டில் காற்று நின்றுபோயிருந்தது. கொட்டகை பெரியதாக இருந்தது. இத்தனை பெரியதாக எப்போதும் இருந்ததில்லை. கூரை எங்கேயோ மேலே இருந்தது. வலையின் ஒவ்வொரு கட்டமும் ஜன்னல்போலத் திறந்து கிடந்தது.

டொக்.

விளக்குக்குள்ளிருந்து.

டொக். டொக்.

சுத்தியல் கையை விட்டு விழுந்தது. ஓட்டின் மேல் கோடு ஒன்று ஓடியது. மெதுவாக. கிளை பிரிந்தது. ஒரு சில்லு வெளியே தள்ளிக்கொண்டு வந்து விழுந்தது. ஓட்டையில் ஒரு விரல். ஈரம். பிறகு கட்டைவிரல். அதில் பசை உருக்கும் கருவி சுட்ட தழும்பு. கயல்விழி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அதே இடம். அதே தழும்பு.

ஓடமுடியவில்லை. கால் துணியில் சிக்கிக் கிடந்தது.

தோள் வந்தது. ஈரத்தில் ஒட்டிய முடி வந்தது. முகம் நிமிர்ந்தது. அவளுடைய முகம். ஆனால் கண்ணாடியில் இத்தனை நாளாகப் பார்த்துவந்த முகம் அல்ல. நெற்றிச் சுருக்கம் இல்லை. உதட்டோரக் கசப்பு இல்லை. யார்மேலும் எரிச்சல் இல்லாத முகம். அது எழுந்து நின்றது. நிற்க நிற்க வளர்ந்தது.

போன் அடித்தது. தரையில் ஓர் அம்மிக்கல் அளவுக்குக் கிடந்து அதிர்ந்தது. கயல்விழி அதை நோக்கித் தவழ்ந்தாள். மேலேயிருந்து ஒரு கை இறங்கி வந்து எடுத்துக்கொண்டது.

“கயலு, நான்தான். மனசே கேக்கல, அதுதான் திருப்பிக் கூப்புட்டேன்.”

“அழுவாதடி,” என்றது அது. அவளுடைய குரல்தான். “வெளக்கு ஒடையல. லேசாக் கீறல் உழுந்ததுக்கே பயந்துபோயிச் சொல்லிட்டேன். பூசி இன்னைக்கே போட்டு உட்டுர்றேன். பெரிய ஹாலு உனக்குத்தான். எனக்கு எத்தன சந்தோசமா இருக்குது தெரியுமா?”

அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. கயல்விழிக்கு அது கேட்டது. இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தன் வாயில் வராத அந்தச் சொல், அத்தனை சுலபமாக வந்தது.

பிறகு அது தரையில் கிடந்த சுடிதாரை எடுத்து உடுத்திக்கொண்டது. அந்தக் கைகள் அவளைத் தூக்கின. வெதுவெதுப்பான, ஈரமான கைகள். முழங்காலை மோவாயோடு மடக்கின. தலையை அமுக்கின. ஓட்டுக்குள் தாய்க்கோழியின் சூடு இன்னும் இருந்தது. வெளியே கட்டைவிரல் பசையைக் குழைத்தது. ஒரு சில்லு தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. வெளிச்சம் குறைந்தது. இன்னொரு சில்லு.

வண்டி வந்து நிற்கிற சத்தம்.

“என்ன சாமி ஒட்டிட்டிருக்கறே?”

“சின்னக் கீறலுங்க அங்கிள். பூசிட்டாத் தெரியாதுங்க.”

கயல்விழி கத்தினாள். வாயைத் திறந்து, உயிரைத் திரட்டி. கொர்ர் என்று வந்தது.

“உள்ள என்னமோ சத்தங் கேக்குதே.”

“பசை காயறதுங்க.”

இருட்டு. வைக்கோல் வாசம், அட்டைப்பெட்டி வாசம். எஞ்சின் உறுமல். வெகுநேரம் ஆட்டம். பிறகு குளிர், எலும்பு வரைக்கும் ஏறுகிற, அவள் அறியாத குளிர். புரியாத பாஷையில் பேச்சு. அடியிலிருந்து ஏதோ ஏறி வந்து மடங்கிய கால்களுக்கு நடுவே இடித்து நின்றது. கண்ணாடி. வழவழப்பாக இருந்தது.

சொடுக்கு.

வெளிச்சம். கண்ணை மூடினாலும் உள்ளே வந்த வெளிச்சம். தோல் பொசுங்குகிற சூடு. பூச்சில் மயிரிழை அளவுக்கு ஓர் இடம் விட்டுப்போயிருந்தது. அதன் வழியே பார்த்தாள். வெள்ளைச் சுவர்கள். உயரமான ஜன்னல்கள். கூட்டம். அத்தனை பேரும் அண்ணாந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்து, தலையாட்டி, கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டி.

சௌந்தர்யா கிட்டே வந்து நின்றாள். அழுது சிரித்த முகம்.

“பாருடி கயலு,” என்று போனை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள். “எல்லாத்துலயும் இதுதான் அழகுங்கறாங்க.”

போனுக்குள் கொட்டகை. கம்பி வலை. வலைக்கு முன்னால் அந்த முகம். அது கேமராவுக்கு வெகு நெருக்கமாக வந்து, விரிசலுக்குள் நேராகப் பார்த்து, அன்பாகச் சிரித்தது.

“நல்லா எரியுதாடி?”