மல்லிகைக்கு ஓர் இருக்கை

தீவின் காட்டுவழி கேட் இன்னும் திறக்கவில்லை. ரங்கத் ஊருக்குப் போகும் வண்டிகள் வெயிலில் வரிசையாகத் தூங்கி வழிந்தன.

சுஹைல் மாமாவின் ஹைபிரிட் காரில், ஏசிக்கு நேர் எதிரே ஷமா உட்கார்ந்திருந்தாள். பின்னால் அத்தாவின் மின்சாரக் கார். அதில் அத்தாவும் ஒரு கூடை மல்லிகையும். சென்னையிலிருந்து காலை விமானத்தில் வந்த பூ. ராத்திரி ரங்கத்தில் சபீஹா சின்னம்மாவுக்கு நிக்காஹ்.

அத்தா இறங்கி வந்தார். முகம் சரியில்லை. "நேத்து கரண்ட் போச்சுல்ல, சார்ஜ் பாதியில நின்னுடுச்சு. ஏசி போட்டா ரங்கத் எட்டாது. போடலைன்னா பூ வெந்துடும்."

"அரே மச்சான், என் வண்டி ஓடும்போதே தானா சார்ஜ் ஏத்திக்கும்!" என்றார் மாமா.

"ஏத்திக்கும், பெட்ரோலைக் குடிச்சிட்டு. என் வண்டி ஒரு சொட்டு குடிக்குமா?"

"குடிக்காது. நடுக்காட்டுல படுத்துக்கும்."

ஷமா சிரித்தாள். கூடையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மாமா, ஏசி போட்டே போனா உங்க வண்டி நின்னுடுமா?"

"ம்ஹும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக் குடிக்கும், அவ்ளோதான்."

"அப்ப பூ இங்க வரட்டும்."

"எங்க வைக்க? பின்னால உங்கம்மா, பிள்ளைங்க, பிரியாணி அண்டா..."

"என் இடம் இருக்குல்ல."

கூடையைத் தன் இருக்கையில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு, ஷமா அத்தாவின் காரில் ஏறினாள்.

கேட் திறந்தது, வண்டிகள் ஒரே வரிசையாக நகர்ந்தன. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியதும் காடு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஏசி இல்லாமல் வேர்வை வழிந்தது. மேட்டில் மாமாவின் என்ஜின் உறுமியது. இவர்கள் கார் மீன் மாதிரி சத்தமில்லாமல் நழுவியது.

ஓர் இறக்கத்தில் காரின் திரையில் சார்ஜ் எண் ஒன்று கூடியது.

"அத்தா, ஏறுது!"

"உருள்ற வேகத்தையே கரண்டா மாத்திக்கும். மாமா வண்டியும் அப்படித்தான். ஆனா அதுல பேட்டரி சின்னது, சீக்கிரம் நிறைஞ்சிடும்."

"மெதுவாப் போனா?"

"அதே சார்ஜ்ல இன்னும் தூரம் போகலாம்."

"இந்த வரிசையில யாராலயும் வேகமாப் போக முடியாதே!"

அன்றைக்கு முதல்முறையாக அத்தா சிரித்தார்.

வழியில் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கடல்கால்வாயைக் கடந்தது. கார் ஓடவேயில்லை, தூரம் மட்டும் குறைந்தது. ஷமாவுக்கு அது கள்ளாட்டம் மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ரங்கத்தில் நுழைந்தபோது திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மல்லிகை அப்போதும் மொட்டாகவே இருந்தது.

"கடல்ல விழுந்து வந்தியாடி?" என்றாள் சபீஹா சின்னம்மா.

"இல்ல. என் சீட்ல உங்க பூ வந்துச்சு."

மாமா பெட்ரோல் பங்க் தேடிப் போனார். அத்தாவின் கார் ஒயர் மாட்டிக்கொண்டு முற்றத்தில் தூங்கியது. தலையில் ஒரு முழம் மல்லிகையோடு ஷமா பாயில் சாய்ந்தாள். அவளுக்கும் சார்ஜ் ஏறத் தொடங்கியது.