மூக்கில் வைத்த பஞ்சு

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கதவைத் திறக்கும்போது முதல் ஆவி முகத்தில் அடிக்கும் என்பதால் இருளம்மாள் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அன்றும் பிடித்துக்கொண்டுதான் திறந்தாள். ஆனாலும் பச்சைக் காய் வேகும் காரவாசம் உள்ளே ஏறியது.

உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். மறுபடியும் ஏறியது.

கரடி பிய்த்த மூக்குக்குப் பதிலாக, மதுரை டாக்டர் அவள் நெற்றித் தோலை இறக்கி, செத்துப்போன யாருடைய விலாக் குருத்தெலும்பையோ உள்ளே வைத்துத் தைத்து ஒரு வருசம் ஆகிறது. மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும், அது பழகிவிட்டது. இப்போது குருத்து சரிந்து ஒரு துவாரம் அடைத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு அவள் விலாவிலிருந்தே வெட்டி வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மற்றதும் அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக் காலையில் போடிக்கு ஜீப்பு, அங்கிருந்து மதுரைக்கு பஸ்.

வாசலோரம் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த புருசன் வீரையா நிமிர்ந்தான். "மயக்க மருந்துக்குப் பயமா புள்ள?"

"நான் மயங்கிருவேன். இது மயங்குமா?"

"மூக்கு முழிச்சிருந்தா விறகு தள்ளச் சொல்லு. நான் செத்த நேரம் படுக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. "யாருதுன்னு கேட்டீகளா?"

"அநாதப் பொணமாம். அழுக ஆளில்ல."

"எடுத்தா எங்க போடுவாக?"

"வாளியிலதான்."

சட்டென்று மூக்கு காற்றை இழுத்தது. பயந்தவன் இழுப்பதுபோல. அவள் இழுக்கவில்லை.

அறுத்தாலும் பயம், விட்டாலும் அடைப்பு. அநாதைக்கு மூக்கில் பஞ்சு வைக்கக்கூட யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் அடங்கவில்லையோ. ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சு மடியில் இருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து பிய்த்து உருட்டினாள். திறந்திருந்த துவாரத்தில் வைத்தாள்.

"ஏய், உசுரோட இருக்கையில பஞ்சு வைக்காத."

அவள் கேட்கவில்லை. வாயை மூடினாள். நெஞ்சை நிறுத்தினாள்.

பஞ்சு உள்ளே போனது. வெளியே வந்தது.

போதும் என்று வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. நெஞ்சு எழவில்லை. கையைத் தூக்க நினைத்தாள். கை மடியிலேயே கிடந்தது.

உள்ளே. வெளியே.

வீரையா கிட்டே வந்து குனிந்து பார்த்தான்.

"மூச்சு சீராத்தான வருது," என்று சொல்லிவிட்டு விறகுப் பக்கம் திரும்பினான்.