இரண்டு காகிதக் கரடிகள்

"என் கரடியை என் தங்கச்சி திருடிட்டா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள் ஒரு பொம்மைக்காரி.

துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கரடி இப்போ எங்கே?"

"பட்டறையிலதான். அவ செஞ்ச நகலும் அதுக்குப் பக்கத்துலயே நிக்குது."

"அப்போ அது திருட்டே இல்லையே" என்று முந்திக்கொண்டான் மைத்துனன். தன் அக்காளை அவருக்குக் கட்டிக்கொடுத்த நாள்முதல் அத்தான் பின்னாலேயே அலைகிறவன். ஒரு வழக்கிலாவது அவருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஏக்கம்.

அவள் சொன்னது இதுதான். அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே பட்டறை. களிமண்ணில் மிருகத்தைப் பிடித்து, மேலே எண்ணெய் தடவி, பசையில் நனைத்த காகிதக் கீற்றுகளை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். காய்ந்ததும் அந்தக் கூட்டை அறுத்து, மண்ணை எடுத்துவிட்டு, பாதிகளைச் சேர்த்து ஒட்டி வண்ணம் பூசுவார்கள். மண் திரும்பத் தொட்டிக்குப் போய்விடும். இப்போது கரடியைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் கண்காட்சி ஒன்றுக்கு ஒரு காட்டையே காகிதத்தில் செய்து தரச் சொல்கிறார்கள். அந்தக் கரடியைப் பிடித்த கை எதுவோ அதற்குத்தான் வேலை. இரண்டு பேரும் 'நான்தான்' என்கிறார்கள்.

மூவரும் போனபோது பட்டறையில் தங்கைக்காரி கை கழுவாமல் நின்றிருந்தாள்.

"நான் காய்ச்சல்ல கிடந்தேன் சார். இவதான் பட்டறையைப் பாத்துக்கிட்டா. எழுந்து வந்து பாத்தா ரெண்டு கரடி நிக்குது."

"உன் கரடி குட்டி போட்டிருக்கும்" என்றாள் அக்காள்.

"குட்டி எங்கேயாவது தாயைவிடப் பெருசா இருக்குமா?"

மைத்துனன் ஓடிப்போய் சாண் போட்டு அளந்தான். அக்காள் கரடி விரல் கனம் பெரிதாகத்தான் இருந்தது. துள்ளித் திரும்பினான். "அத்தான், பெருசுதான் அசல்! நகல் எடுத்தா சுருங்கிடும். செங்கல்கூட சூளையில சுருங்குதே!"

"இது சூளைக்குப் போகலையேப்பா" என்றார் அவர். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

அவர் இரண்டு கரடிகளின் பாதங்களையும் தடவினார். தங்கை கரடிக்கு நகம் நகமாகக் கையில் பட்டது. அக்காள் கரடிக்கு விரலிடுக்கெல்லாம் தூர்ந்திருந்தது.

"இதுக்கு ஏன் நகம் மழுங்கிக் கிடக்கு?"

"வயசான கரடி சார். வேலைப்பாட்டைப் பாருங்க. நான் வயித்துப் பக்கம் அறுத்து மண்ணை எடுத்தேன், ஒட்டு வெளியே தெரியாது. அவ நடு முதுகுல அறுத்துக் கீத்து ஒட்டியிருக்கா, தழும்பு மாதிரி மேடு தட்டி நிக்குது."

"உன் கரடியை அறுத்துப் பாக்கலாமா?"

"அறுங்க. உள்ளே என்ன இருக்கப்போகுது, காத்துதான்!"

அவர் வயிற்று ஒட்டிலும் விலாவிலும் கத்தியை ஓட்டி, கரடியைப் பிளந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அக்காளின் சிரிப்பு அப்படியே நின்றது. முதுகின் உள்பக்கத்தில், கழுத்திலிருந்து வால்வரை, நீளமாக ஒரு பள்ளம்.

"காகிதம் எது மேல ஒட்டுதோ, அதோட மேடு உள்ளே பள்ளமா விழும்" என்றார் துப்பறிவாளர். "இது களிமண் மேல ஒட்டின காகிதம்னா, அந்தக் களிமண் கரடிக்கு முதுகுல அறுத்து ஒட்டின தழும்பு ஏதம்மா?"

அவர் தங்கை கரடியின் முதுகு மேட்டில் விரலை ஓட்டினார்.

"தங்கச்சியோட முடிஞ்ச கரடிக்கே எண்ணெய் தடவி, அது மேல காகிதம் ஒட்டியிருக்கே. சட்டை மேல சட்டை. அதான் பெருத்துப்போச்சு, நகமும் தூர்ந்துபோச்சு."

அக்காள் மண்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "வர்றவங்க எல்லாரும் 'சின்னவ எங்கே'ன்னுதான் கேப்பாங்க. நான் எதிர்லயே நிப்பேன் சார். என்னைக் கதவு மாதிரி தாண்டிட்டுப் போவாங்க. யாராவது ஒருத்தர் வாயால, இது உன் கைவேலைன்னு கேக்கணும்போல இருந்துச்சு. அதான் உங்ககிட்டயே வந்தேன்."

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புதிதில்லை.

தங்கைக்காரி பிளந்த கரடியின் பாதியை எடுத்து, மேலே வண்ணத்தில் தீட்டியிருந்த மயிரை வெகுநேரம் பார்த்தாள். ஒவ்வொரு தூரிகைக் கீற்றும் காற்றடித்துச் சாய்ந்தாற்போல் இருந்தது. தங்கையின் கரடியோ சுவருக்குச் சுண்ணாம்படித்த மாதிரி நின்றது.

"இந்த வண்ணம் எனக்கு வராது" என்றாள் கசப்போடு. "எத்தனை தடவை பூசி அழிச்சிருக்கேன், உனக்குத் தெரியாது. காட்டுக்கு நீதான் வண்ணம் பூசணும்."

"உனக்குக் கீழேயா?"

"எனக்குக் கீழேதான். காட்டுல என் பேருதான் இருக்கும்."

அக்காள் எழுந்து வாசல்வரை போனாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "காலையில எத்தனை மணிக்கு வரணும்?"