மடைப்பக்கம் கேட்ட குரல்

பாளையம்பட்டியில் பஸ் ஏறும்போது நானும் மதன்குமாரும் சேக்காளிகள். ஒரே சீட்டு, ஒரே கடலைப் பொட்டலம். பரளச்சி தாண்டி எங்கள் விலக்கில் இறங்கிவிட்டால் யாரோ எவரோ. அவன் ஊருக்குள் போவான், நான் காலனிப் பாதையில் திரும்புவேன். பள்ளிக்கூடத்து கால்பந்து டீமில் அவன் பார்வர்டு, நான் கோல்கீப்பர். ஊரில் அவனை எப்படிக் கூப்பிடுவாய் என்று கேட்டால், கூப்பிடவே மாட்டேன். காலனிக்காரன் ஊர்ப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முன்பெல்லாம் அடி விழும். இப்போது அடி விழாது, பிழைப்பில் கை வைப்பார்கள். என் அப்பா ஓட்டுவது மதனுடைய சித்தப்பா முத்துராமலிங்கத்தின் டிராக்டர்.

அதற்காகக் கால் சும்மா கிடக்குமா? மாவட்டப் போட்டி நெருங்கியதால் லீவு நாட்களில் காய்ந்து கிடந்த கண்மாய்க்குள் விளையாடினோம். அதுவும் உச்சி வெயிலில். அந்நேரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அங்கே இறங்க மாட்டார்கள். உச்சி உருமத்தில் பேய் பேர் சொல்லிக் கூப்பிடும் என்பார்கள். ஒரு தடவை கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசன், பேய்க்கு மூன்றாவது தடவை வாய் வராதாம். எங்களுக்கு அந்தப் பேய் சம்பளமில்லாத காவல்காரன். ஒரு பயலையும் கிட்ட விடாது என்று சிரித்துக்கொள்வோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது அம்மா சங்கரம்மாள் வாசலை மறித்தாள். என் கால்சட்டையில் ஒட்டியிருந்த கண்மாய் வண்டலைப் பார்த்துவிட்டாள்.

"ஒங்க மாமன் இன்பராசும் பந்து வெளையாடப் போனவந்தான்," என்றாள்.

மாமா சின்ன வயதில் கண்மாயில் விழுந்து செத்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மீதியை அன்றைக்குச் சொன்னாள். மாமாவுக்கு அப்போது என் வயது. ஊர்ப் பையன் ஒருவனோடு யாருக்கும் தெரியாமல் பந்து விளையாடியிருக்கிறார். ஆட்ட வேகத்தில் பந்தைக் கேட்டு அவன் பேரைச் சொல்லிக் கத்திவிட்டார். அது கரைமேல் நின்ற ஊர்ப் பெரியவர்கள் காதில் விழுந்தது. விரட்டினார்கள். அந்த வருஷம் மடைப்பக்கம் தண்ணீர் கிடந்தது. அதில் இறங்கியவர் ஏறவில்லை.

"யாரு பேரச் சொன்னாரு?"

"அது எதுக்கு ஒனக்கு? நீ யாரு பேரயும் சொல்லாத. அம்புட்டுத்தான்."

சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு ஓடினேன். நேரமாகிவிட்டது. மதன் எனக்கு முன்பே போயிருப்பான்.

மழை பொய்த்து, மூன்று வருஷமாகக் கண்மாய் காய்ந்து கிடக்கிறது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அன்று காற்றே இல்லை. சீமைக்கருவேலத்தில் ஒரு காக்காகூடக் கத்தவில்லை. முள்ளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மதனின் முதுகு தெரிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தான். நாங்கள் விளையாடும் இடத்துக்கு இல்லை, மடையைப் பார்த்து.

யாரிடமோ பேசினான்.

"இந்தா வாரேன்லே ராசு. அங்கன எதுக்கு நிக்க?"

ராசு நான்தான்.

நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

மடைப்பக்கமிருந்து 'ஏலே மதனு, பந்தக் குடுலே' என்று ஒரே ஒரு தடவை குரல் கேட்டதாம். இதை அவன் பிறகுதான் சொன்னான். உச்சி வெயிலில் கண்மாய்க்குள் நின்று அவனை அப்படிக் கூப்பிட என்னை விட்டால் ஆள் ஏது? பதில் சொல்லிவிட்டான்.

மடைக்குழி இரண்டு ஆள் ஆழம். மேலே மூடியிருந்த கல் எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளே இடிந்த கருங்கல்லும் துருப்பிடித்த கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும். மதன் கீழே பார்க்காமல் நடந்தான்.

அப்போதுதான் கரைமேல் பைக் சத்தம் கேட்டு நின்றது. முத்துராமலிங்கம். யாரோ கோள்மூட்டியிருக்கிறார்கள். இறங்கி வேட்டியை மடித்துக் கட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அவரும் மடையைத்தான் பார்த்தார். மகன் முறை ஆகிறவன் குழியை நோக்கிப் போகிறான், அவர் வாயே திறக்கவில்லை.

ஓடிப் பிடிக்கத் தூரம் அதிகம். கத்தத்தான் வேண்டும். அம்மாவின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. பயந்தேன், அதை மறைப்பானேன்.

"ஏலே மதனு."

அவன் திரும்பவில்லை. ராசு முன்னால் நிற்கிறான் என்று நம்புகிறவனுக்குப் பின்னால் கேட்கிற குரல்தானே பேய்.

"மதனு."

அவன் தோள் விறைத்தது. நடை ஓட்டமானது. நேரே குழியை நோக்கி.

மூன்றாவதற்கு எனக்கு வாய் வரவில்லை. காய்ந்த கண்மாயில் எங்கிருந்தோ பாசி வாடை அடித்தது.

"மதன்குமாரு."

நின்றான்.

பந்து மட்டும் உருண்டுபோய்க் குழிக்குள் விழுந்தது. ஆழத் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது.

மதன் திரும்பி என்னைப் பார்த்தான். மறுபடி மடையைப் பார்த்தான். அலறாமல் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கரைமேல் சித்தப்பா நிற்பதைக் கண்ட பிறகும் விடவில்லை.

முத்துராமலிங்கம் எங்கள் பக்கம் திரும்பினார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மடைக்குள்ளிருந்து ஒரு பையனின் குரல் வந்தது.

"ஏலே முத்து."

ஒரு தடவைதான்.

ஊரே 'அவுக' போட்டுப் பேசுகிற மனிதர் இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கவில்லை.

"வாரேன்லே," என்றார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கினார். எங்களைக் கடந்து போனபோது அவர் முகம் முழுக்கக் கண்ணீர். மாமா சொன்ன பேர் எதுவென்று எனக்கு அப்போது தெரிந்துபோனது. தடுக்க எனக்குத் தோன்றவில்லை. மதன்தான் ஊருக்குள் ஓடி ஆட்களைக் கூட்டி வந்தான்.

உயிரோடுதான் தூக்கினார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத குழிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து யாரோடும் பேச்சில்லை, நான் பேர் சொன்னதைப் பற்றியும் கேட்கவில்லை.

தூக்கிய அன்று அவர் வேட்டி இடுப்பு வரை நனைந்திருந்தது. மதனின் சித்தி அலசிக் கொடியில் போட்டாள். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு வேட்டி காய அரைமணி நேரம் போதும். நேற்று மதன் போனில் படம் அனுப்பினான். மாதம் ஒன்று ஆகப்போகிறது, வேட்டி இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.