துணைவயிறு

இரண்டாவது துணைவயிறும் கைவிட்டுப் போன அன்று காலையில், பீளமேட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு திருமூர்த்தி கடல் கடந்த ஆஸ்பத்திரியின் பேசும் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்கள் துணைவயிறு உணவு உட்கொள்ளவில்லை என்று தெரிகிறது. உடனே வேறொருவரை ஏற்பாடு செய்யவும்" என்றது எந்திரம். தமிழ் என்னவோ நல்ல தமிழ்தான்.

"அதைத்தானுங்க நானும் சொல்றேன். ஆள் கிடைக்கல. நீங்க ஒரு வழி சொல்லுங்க."

"மிக்க மகிழ்ச்சி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

திருமூர்த்தி அலைபேசியைச் சோபாவில் வீசினார். உள்ளூர் ஆஸ்பத்திரிகளில் கேட்டால் அங்கே வேறு பாட்டு. எங்கே தைத்தார்களோ அங்கேயே போய்க் கேளுங்கள், அடுத்தவர் போட்ட தையலில் நாங்கள் கை வைக்க மாட்டோம் என்று எல்லா டாக்டர்களும் சொல்லிவைத்த மாதிரி கையை விரித்துவிட்டார்கள். அறுத்தவர்கள் அங்கே, அவஸ்தை இங்கே. நடுவில் கிடந்து சாவது அவர் தலையெழுத்து.

வயிற்றைச் சுருக்குவது பழைய வித்தை. ஆனால் வயிற்றுக்கு மேலே மூளை என்று ஒன்று இருக்கிறதே, அது லேசில் விடாது. வயிறு சுருங்கினாலும் பசியைச் சுருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவைத்துப் பழைய உடம்பைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பசியை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று கண்டுபிடித்த பிறகுதான் இந்த வைத்தியம் சூடுபிடித்தது. வயிற்று நரம்பில் நெல்மணி அளவில் ஒரு பசிக்கடத்தியை வைத்துத் தைப்பார்கள். அது நோயாளியின் பசியை இன்னொருவர் இடுப்பில் கட்டியிருக்கும் பட்டைக்கு அனுப்பும். பட்டை கட்டியவருக்குப் பசிக்கும், அவர் சாப்பிடுவார், அவருடைய வயிறு நிறைந்த நிறைவு வந்த வழியிலேயே திரும்பிப் போய் நோயாளியின் மூளையைச் சமாதானப்படுத்தும். அரை வருடம் இப்படி ஓடினால் மூளை பழைய பசியை மறந்துவிடும்.

அந்தப் பட்டை கட்டுகிற ஆளுக்குத்தான் துணைவயிறு என்று பெயர். ஊரில் பாதி ஆட்டோக்களின் முதுகில் 'துணைவயிறு ஏற்பாடு செய்து தரப்படும்' என்று எழுதியிருந்தது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நரம்புப் பொருத்தமும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

திருமூர்த்திக்கு இது அழகுக்காகச் செய்துகொண்ட காரியம் இல்லை. அவருடைய அப்பா பம்ப்செட் பட்டறையில் லேத்தின் மேலேயே சாய்ந்து உயிரை விட்டபோது இதே வயது, இதே பருமன். உடம்பைக் குறைக்காவிட்டால் உங்களுக்கும் அதே கதிதான் என்று இதய டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அறுவையை ஒரு தரம்தான் செய்ய முடியும். துணைவயிறு இல்லாமல் நாள் போய்க்கொண்டே இருந்தால் மூளை பசியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எந்த நாட்டுக்குப் போனாலும் பிழைப்பில்லை.

முதலில் ஏஜென்சி மூலமாக வந்தவர் ஆரோக்கியசாமி. நன்றாகச் சாப்பிடுகிற மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்து எழுந்ததற்கு, இங்கே வெறும் மோர்த்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த திருமூர்த்தி நாள் முழுக்க ஏப்பம் விட்டார். ஆனால் இரண்டு பேர் பசியை ஒரே வயிற்றில் போட்டால் அந்த உடம்பு என்ன ஆகும்? சட்டைகள் எல்லாம் பத்தாமல் போய்விட்டன என்று ஆரோக்கியசாமி பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் இப்போது ஒரு துணைவயிறு தேடுவதாகக் கேள்வி.

இரண்டாவது, மனைவியின் தம்பி நந்தகோபால். சொந்தக்காரர், நம்பலாம் என்று நினைத்தால், அந்த மகராசன் பழனிக்கு மாலை போட்டுக்கொண்டு மூச்சுக்காட்டாமல் விரதம் இருந்திருக்கிறான். இவருக்கு இங்கே பசி குடலைப் பிடுங்கியது. தாங்க முடியாமல் ஒரு தட்டு இட்லியை உள்ளே தள்ளி, அத்தனையும் வாந்தியாகி, தையல் பிரியாமல் தப்பியதே பெரிய காரியம்.

"விரதம்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா, மாப்பிள்ளை?" என்று போனில் எரிந்து விழுந்தார்.

"சாமி காரியத்தைப் போயி தம்பட்டம் அடிப்பாங்களா, மச்சான்?"

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். என் வயித்துக்காவது சொல்லியிருக்கலாமல்ல?"

நடந்துகொண்டிருந்த சாலையின் லாரிச் சத்தத்துக்கு நடுவே, பட்டையைக் கழற்றிப் பையில் போட்டாயிற்று என்று சொல்லி அவன் போனை வைத்துவிட்டான்.

பிறகு, உள்ளூரில் பட்டைகளைப் பராமரிக்கும் நிலையத்திலிருந்து ஷர்மிளா பானு என்ற பெண் வந்தாள். அந்த ஊரில் அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். கூடத்தைச் சுற்றிப் பார்த்தவள், சமையலறை வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கோகிலவாணியைக் காட்டிக் கேட்டாள்.

"அக்காவுக்குப் பொருத்தம் பார்த்தீங்களா, சார்?"

பார்க்கவில்லை. ஊரெல்லாம் சலித்தவருக்கு வீட்டுக்குள் ஒரு வயிறு இருப்பது தோன்றவே இல்லை. பானு கோகிலவாணியின் மணிக்கட்டில் பொருத்தமானியை மாட்டிப் பரிசோதனைப் பசியை ஏற்றினாள். முன்பு இதே பசிக்கு ஆரோக்கியசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நந்தகோபால் பாதியிலேயே பிஸ்கட் கேட்டிருந்தான்.

"ஏதாவது தெரியுதாங்க்கா?"

"இல்லீங்களே. ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் கோகிலவாணி, பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பானு அளவைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கடைசியில் எந்திரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். நரம்புப் பொருத்தம் முழுசாக இருந்தது. இவ்வளவு பசி தாங்குகிற உடம்பை இதுவரை பார்த்ததில்லை என்றாள்.

"இதை முன்னாடியே பார்த்திருந்தா இத்தனை அலைச்சல் இல்ல" என்றார் திருமூர்த்தி. தனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்காததைக் கோகிலவாணியும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டையைச் சேலைக்கு உள்ளே கட்டிக்கொண்டு குழம்பைத் தாளிக்கப் போனாள்.

அப்பாடா என்று அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், மறுநாளே பசி வந்தது.

அதுவும் பழைய பசி மாதிரி இல்லை. அவருடைய பசி ஆர்ப்பாட்டமாக வரும், எதையாவது போட்டால் அடங்கும். இது சத்தமில்லாமல் காலை பத்துமணி வாக்கில் தொடங்கி, மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்து வெகுநேரம் ஆகும்வரை வயிற்றின் அடியில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் லேசான தலைசுற்றல் வேறு.

"சாப்பிட்டயா?" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"ஆச்சுங்க" என்று பதில் வரும்.

ஆச்சு என்றால் எந்திரத்தில்தான் கோளாறு. வேறென்ன? அவர் எந்திரத்தைத் திட்டினார், ஆஸ்பத்திரியைத் திட்டினார், இந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்த நண்பனைத் திட்டினார். பேசும் எந்திரம் அவருடைய பொறுமைக்கு நன்றி சொன்னது. பசி தாங்காமல் ஒருநாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்து விரலால் வழித்து நக்கிவிட்டு, தன் மேலேயே வெறுப்பு வந்து ஜாடியைத் தொட்டியில் போட்டு உடைத்தார். எடை குறையாமல் நின்றுவிட்டது. அப்பா லேத்தின் மேல் சாய்ந்துகிடந்த கோலம் அடிக்கடி கண்முன் வந்துபோனது. உள்ளுக்குள் பயம், வெளியே கோபம்.

பானு மறுபடி வந்து இருவருடைய கணக்கையும் திரையில் ஓடவிட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கடத்தி நல்லாத்தான் வேலை செய்யுதுங்க, சார். உங்க பசி அக்காகிட்டப் போயிருது."

"அப்புறம் எனக்கு எதுக்குப் பசிக்குது?"

"இது உங்க பசி இல்லீங்க."

அவர் விளங்காமல் பார்த்தார். பானு திரையில் அடியில் ஓடிய ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினாள். அவருடைய பசி போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே இன்னொரு பசி இருந்தது. அது பல வருடம் நின்று தடித்த பசி. போன பசிக்கு அங்கே இடமில்லை, இரண்டும் சேர்ந்து இந்தப் பக்கம் வழிகிறது.

திருமூர்த்தி பம்ப்செட்காரர். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அவருக்கு ஏறியிருக்காது, இது ஏறியது. "அடியில தண்ணியைத் தடுக்கற ஃபுட் வால்வு இல்லாத பைப்பு" என்று முணுமுணுத்தார். "அந்தப் பக்கம் மட்டம் ஏறினா தண்ணி திரும்பத்தான் செய்யும்."

"எல்லாருமே இந்தத் தப்பத்தான் பண்றாங்க, சார். பசி தாங்குற ஆளைத் தேடுறாங்க. நமக்கு வேணுங்கறது பசிச்சாச் சாப்பிடுற ஆளு." பானு சமையலறைப் பக்கம் திரும்பினாள். "அக்கா, இன்னைக்கு எப்பச் சாப்பிட்டீங்க?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "காலைல காப்பி குடிச்சனுங்க. அப்புறம் இவருக்குக் கஞ்சி வடிக்கோணும், பட்டறைக்குச் சோறு போகோணும். எல்லாம் ஆனப்புறம் இருக்கறதைப் பார்த்து எதையோ போட்டுக்குவேன். பசியெல்லாம் ஒண்ணும் தெரியறதில்லீங்க."

"தெரியறதில்லையா?" திருமூர்த்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்கு உயிர் போகுது. பசிச்சாச் சொல்ல மாட்டயா?"

"யாருகிட்டங்க சொல்றது?" என்றாள் அவள். "சமைக்கறவ நான். எனக்குப் பசிக்குதுன்னு நான் யாருகிட்டப் போயிச் சொல்லோணும்?"

அந்த நேரம் பார்த்து அவர் வயிறு சுரண்டியது. இத்தனை வருடமாக இதை வைத்துக்கொண்டா இவள் தோசை வார்த்தாள் என்ற நினைப்பு வந்ததும், வெட்கமாக இருந்தது. கூடவே எரிச்சலாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அவருடைய வைத்தியம் என்பது அவளுக்குச் சோறு போடுவது என்றாகிவிட்டது. சொல்வதற்கு எளிது. அவள் முதலில் சாப்பிட வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும் என்று பானு சொல்லிவிட்டுப் போனாள். கோகிலவாணிக்கோ அடுப்பு எரியும்போது உட்காரவே வரவில்லை. ஒரு வாய் போடுவாள், பால் பொங்குதே என்று எழுந்து ஓடுவாள். கடைசியில் அவர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே சமைக்க இறங்கினார். அவர் கிண்டிய உப்புமாவை அவள் மரியாதைக்குத் தின்று முடித்தாள். அவர் வயிற்றில் ஒன்றும் இறங்கவில்லை. கடமைக்கு விழுங்கிய சோற்றுக்கு நிறைவு வராது, அந்தப் பாழாய்ப்போன கடத்தி அதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டது.

"உனக்கு என்னதான் பிடிக்கும்? சொல்லித் தொலை."

அவள் யோசித்தாள். அவ்வளவு நேரம் யோசிக்க வேண்டியிருந்ததே என்று அவருக்கு என்னவோ போலிருந்தது.

"சந்தகை" என்றாள். "தேங்காய்ப்பால் ஊத்தி."

அரிசி மாவை நூல்நூலாகப் பிழிகிற சந்தகையை வீட்டில் செய்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அது வழவழவென்று இருக்கிறது, வேண்டாம் என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் சொன்னதுதான். பரணில் கிடந்த, சந்தகை பிழிகிற மரத்தை இறக்கிக் கழுவி, புழுங்கலரிசியை ஊறவைத்து ஆட்டி, வெந்த மாவைச் சூடு ஆறும் முன்பே, மரத்தின் கைப்பிடியில் தொங்கி அமுக்கிப் பிழிவதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றியது. பட்டறை லேத்தே தேவலை. திட்டிக்கொண்டே பிழிந்தார். அவள் உட்கார்ந்து, எங்கும் எழுந்து ஓடாமல், தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டாள்.

நிறைவு வந்தது. வெதுவெதுப்பாக, அடிவயிறு வரைக்கும் வந்தது. எந்த விருந்திலும் அவருக்கு அப்படி வயிறு நிறைந்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார்.

அதற்கப்புறம் எடை இறங்கத் தொடங்கியது. சமையலறையில் அவர் அடித்த கூத்தும் அதற்கு உதவியிருக்கும். அவள் முகம் பூசினாற்போல் ஆனது. அவருடைய முணுமுணுப்பு மட்டும் குறையவில்லை. பட்டறையில் பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, "என்ன, இன்னும் சாப்பிடலியா நீ?" என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கத்துவார். எதிரில் நின்ற வாடிக்கையாளர்கள் பயந்துபோவார்கள்.

அரை வருடம் ஆனது. இதய டாக்டர் அவர் தோளில் தட்டி அனுப்பினார். பட்டையைக் கழற்ற பானு வந்தாள். திரையில் கணக்கை ஓடவிட்டவள் முகம் சுளித்தாள்.

"உங்க பழைய பசி சுத்தமா மறந்துபோச்சுங்க, சார். கோடே இல்ல."

"நல்லதுதானே? கழட்டுங்க."

"கொஞ்சம் பொறுங்க. இப்ப உங்களுக்குப் பசிக்குதல்ல, அது மொத்தமும் அக்காவோடது. மூளை தன்னோடதை மறந்துட்டு இதைப் பிடிச்சுக்கிச்சு. கழட்டிட்டா உங்களுக்குப் பசியே இருக்காது. மணி பார்த்துத்தான் சாப்பிடோணும். இப்படிக் கழட்டினவங்கள்ல சில பேரு சோத்தையே மறந்து, எலும்பும் தோலுமா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. பட்டை இருந்தாத் தொந்தரவில்ல." அவள் கோகிலவாணியைப் பார்த்தாள். "பட்டை அக்கா உடம்புல இருக்குது. அதனால முடிவு அக்காவோடதுதானுங்க."

தின்றே செத்துவிடுவோம் என்று பயந்து கடல் கடந்து போன மனிதர், தின்னாமல் சாவதை நினைத்து உதட்டை நக்கிக்கொண்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளிடம் சம்மதம் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"இருக்கட்டும்னு சொல்லேன், கோகிலா."

கோகிலவாணி சேலைக்கு மேலாகப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப என்ன அவசரம்? மாவு வெந்துட்டு இருக்குதல்லங்க, முதல்ல போயிச் சந்தகையைப் பிழியுங்க. பானுவும் சாப்பிட்டுப் போகட்டும். சாப்பிட்டு முடிச்சுட்டு யோசிச்சுச் சொல்றேன்."

அவர் எழுந்தார். சமையலறைக்குப் போய்ச் சூடு மாவை அச்சில் போட்டுக் கைப்பிடியை அமுக்கினார். வயிறு சுரண்ட ஆரம்பித்தது.

"ரொம்பப் பசிக்குதா?" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இல்லீங்க, எனக்குப் பசியே இல்ல. மெதுவா ஆகட்டும்" என்றாள் கோகிலவாணி.

பச்சைப் பொய். அவர் கைப்பிடியில் தொங்கி இன்னும் வேகமாக அமுக்கினார்.