ஹனோய்க்கு இன்னும் நாலு நாள்!

செல்போன் அலறியபோது ரஞ்சிதா ஹா லாங் விரிகுடாவில் இருந்தாள்.

டேப்லெட் திரையில்தான்!

பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவே முளைத்து நிற்கும் பாறை மலைகள். கட்டிலில் பாதி அடுக்கிய பெட்டி. மணி காலை ஆறரை.

பேசியது சபரிநாதன். சேலத்தில் ட்ராவல்ஸ் வைத்திருப்பவன்.

"அக்கா, காலைலயே தொந்தரவு பண்றனுங்க. படகுல மேல் தளத்து ரூமா, கீழ் தளத்து ரூமான்னு வியட்நாம்ல கேக்கறாங்க."

"மேலயே போடு சபரி. அப்பறம் அந்த நூடுல்ஸ் சூப்பு... ஃபோவா? அதுல மாட்டுக்கறி இல்லாம கெடைக்குமா?"

"கோழிக்கறி போட்டது உண்டுங்க அக்கா."

"போச்சு போ! நாப்பதாயிரம் கோழி மூஞ்சிய மறக்கலாம்னு ஃப்ளைட் ஏறுனா அங்கயும் கோழியா?"

"முட்டைக் காபி கூட உண்டுங்க! ஹனோய்ல அதான் ஃபேமசு."

"எங்க ஊட்டுக்காரரு கேட்டா அழுதுருவாரு..."

சிரித்தாள்.

சிரிப்பு முடியவில்லை.

"ஐயோ... அம்மிணீ...!"

கோழிப்பண்ணையின் மூன்றாம் ஷெட்டிலிருந்து வந்த அலறல் ஜன்னல் கண்ணாடியை உலுக்கியது.

"என்னாச்சுங்க அக்கா?" என்றான் சபரி.

போனைக் கட்டிலில் வீசிவிட்டு ஓடினாள்.

ஷெட் வாசலில் வேலைக்கார ஆராயி நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே, இரண்டு கூண்டு வரிசைகளுக்கு நடுவே, நீலக் கோட்டும் தொப்பியுமாய்க் குப்புறக் கிடந்தார் சூப்பர்வைசர் நாச்சிமுத்து.

பின்மண்டை இருந்த இடத்தில் பின்மண்டை இல்லை!

பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய். தீவனத் தொட்டி வரைக்கும் தெறித்திருந்த ரத்தத்தை ஒரு கோழி கழுத்தை நீட்டிக் கொத்தியது.

ரஞ்சிதா திரும்ப ஓடிப் போய்ப் போலீஸுக்குப் போன் போட்டாள்.

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் சரிதாவுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சு சுருக்கம். பார்வை அதைவிடச் சுருக்கம். ஷெட் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"இந்தத் தொட்டி எதுக்கு?"

"மருந்துத் தண்ணிங்க மேடம். வெளியிலிருந்து நோய் வரக்கூடாதுன்னு... யாரு உள்ள போனாலும் இதுல ரெண்டு காலையும் நனைச்சுட்டுத்தான் போகணும்."

தொட்டியில் ஊதா நிறத் தண்ணீர்; பட்டுக் காய்ந்தால் பழுப்பாகும் பெர்மாங்கனேட். தொட்டியிலிருந்து பிணம் வரை சிமென்ட் தரையில் வெறுங்காலின் தடங்கள் பழுப்பாய்க் காய்ந்திருந்தன. இரண்டு ஜோடி. ஒன்று நாச்சிமுத்துவின் கோணல் பெருவிரல். இன்னொன்று?

"திருட வந்தவனா இருந்தா தொட்டியத் தாண்டிக் குதிச்சிருப்பான்." சரிதா எழுந்தார். "இவன் நிதானமா கால நனைச்சுட்டு வந்து கொன்னிருக்கான். கோழிக்குச் சீக்கு வந்துரக் கூடாதுன்னு அவ்ளோ அக்கறை! இது வெளியாள் இல்லம்மா. பண்ணையில பழகுன காலு."

ரஞ்சிதா குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள்.

"தினமும் விடிகாலைல இந்த ஷெட்டுக்கு வர்றது யாரு?"

"நா... நானுங்க. அஞ்சரைக்கு வந்து செத்த கோழியெல்லாம் பொறுக்கி வெளிய போடுவேன்."

"இன்னைக்கு?"

"ஊருக்குப் போற பெட்டி அடுக்கிட்டிருந்தேன். நாச்சிமுத்தண்ணன்கிட்ட நீங்க பாத்துக்கங்கன்னு..."

"எல்லாரும் இதே நீலக் கோட்டு, இதே தொப்பிதானா?"

"ஆமாங்க."

"அப்பப் பின்னாலிருந்து பாத்தா நாச்சிமுத்துவும் ஒண்ணுதான், நீங்களும் ஒண்ணுதான்!"

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள் ரஞ்சிதா. உடைந்து கிடக்கும் அந்த மண்டை... தன் மண்டையா?

"உங்க ஊட்டுக்காரர் எங்க?"

"ராசிபுரங்க. முட்டை லோடு ஏத்தறதப் பாக்க அஞ்சு மணிக்கே போயிட்டாருங்க. பத்து நாளா தினமும் போறாரு."

சரிதா லாரி டிரைவரின் நம்பரை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"தமிழரசண்ணனுங்களா? அவரு லோடு பாக்க வந்து பத்து நாளாச்சுங்களே!"

அந்த நேரம் பார்த்து பைக் சத்தம்.

இறங்கி ஓடி வந்தான் தமிழரசு. ரஞ்சிதாவின் கணவன். பதினோரு வருடக் கணவன். பிணத்தைப் பார்த்தவுடன் முகம் வெளுத்தது.

"அண்ணா...! ஐயோ, யாருங்க பண்ணுனது? ரஞ்சி, உனக்கொண்ணும் இல்லியே கண்ணு?"

தோளைத் தொட வந்த கையை அவள் தட்டிவிட்டாள்.

அவன் தலை சொட்டச் சொட்ட ஈரமாய் இருந்தது.

"எங்க குளிச்சீங்க சார்?" என்றார் சரிதா.

"அது... வந்துங்க... ராசிபுரத்துல..."

"லாரி டிரைவர் உங்களப் பாக்கவே இல்லியாம். காலைல அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

தமிழரசு தரையைப் பார்த்தான். அவன் பாதங்களும் பழுப்புதான். பண்ணையில் யார் பாதம்தான் பழுப்பில்லை?

"சொல்ல மாட்டீங்களா?"

"எதையும் செய்யல மேடம். ஆனா அத மட்டும் கேக்காதீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"இங்க யாரும் சிரிக்கற மாதிரி இல்லியே சார்! கொலை பண்றவங்க மொத வேலையா குளிப்பாங்க. வண்டியில ஏறுங்க."

"ரஞ்சி! நீயாச்சும் சொல்லு!"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜீப் கிளம்பியது. புழுதி அடங்கியது. மண்டைக்குள் மட்டும் அடங்கவில்லை.

பதினோரு வருஷமாய்ப் பழனியைத் தாண்டாத மனுஷன். கோழிக்குக் காய்ச்சல் என்றால் மச்சினிச்சி கல்யாணத்துக்கே வராத மனுஷன். ஒரு மாசம் முன்னால் திடீரென்று, 'ரஞ்சி, நாம ரெண்டு பேரு மட்டும் வியட்நாம் போலாமா?' என்றான். அவள் அழுதேவிட்டாள். படகு, மலை, நூடுல்ஸ் என்று ராத்திரியெல்லாம் சேர்ந்து வீடியோ பார்த்தார்கள்.

பண்ணையும் நிலமும் அவள் அப்பா எழுதி வைத்தது. அவள் பேரில்.

பாசமா? பசப்பா?

மத்தியானம் சபரி மறுபடி கூப்பிட்டான்.

"கேள்விப்பட்டனுங்க அக்கா. மனசே ஆறல. நாச்சிமுத்தண்ணன் இல்லாம பண்ணைய விட்டுட்டு எப்படிப் போவீங்க? நான் கேன்சல் போட்டர்றனுங்க. பணம் வர ஆறு மாசம் ஆகும், பரவால்லீங்களா?"

'ஆமாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே எதுவோ வெடித்தது.

"கேன்சலா? எதுக்கு? நான் போறேன்!"

"அக்கா...?"

"தனியாப் போறேன் சபரி! என்னையக் கொல்லத் திட்டம் போட்டவன் லாக்கப்புல கெடக்கட்டும். நான் ஹனோய்ல உக்காந்து முட்டைக் காபி குடிக்கறேன்! பண்ணைய எங்க பெரியண்ணன் வந்து பாத்துக்குவான். என் டிக்கெட்டு, விசா எல்லாத்தையும் இன்னைக்கே கையில கொண்டாந்து குடு."



"இன்னைக்கேங்களா?"

"இன்னைக்கே!"

"சரிங்க அக்கா. நானே நேர்ல வாரேன்."

மூன்று மணிக்கு வந்தான்.

பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். வேலையாட்களெல்லாம் நாச்சிமுத்து வீட்டுக்கு இழவுக்குப் போயிருந்தார்கள். ஆனால் கோழிகளுக்கு இழவு தெரியாதே! இரண்டாம் ஷெட்டில் ஒற்றை ஆளாய்த் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள் ரஞ்சிதா. அவளுக்குத் தெரிந்து சபரி பண்ணைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

"வா சபரி. உள்ள வா."

சபரி கையில் ஒரு கவர். முகத்தில் சிரிப்பு. வாசலில் செருப்பைக் கழற்றினான்.

வலது காலைத் தொட்டிக்குள் வைத்தான்.

இடது காலையும் வைத்தான்.

கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கணுக்கால்களையும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்தான். உள்ளே வந்தான்.

ரஞ்சிதாவின் கையில் தீவன முறம் அப்படியே நின்றது.

சேலத்தில் ஏ.சி. ரூமில் டிக்கெட் போடுகிறவன். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் 'காலை நனைங்க' என்று பத்துத் தடவை கத்த வேண்டிய தொட்டி. இவனுக்கு யார் சொன்னது?

"சபரி... நீ பண்ணையில வேல பாத்திருக்கியா?"

"ட்ராவல்ஸ் வைக்கறதுக்கு முன்னாடி எட்டு வருஷங்க. ஊர் ஊராப் போயி கோழிக்கு ஊசி போட்டேன். ஏனுங்க அக்கா?"

கேட்டுவிட்டுத் தன் காலைப் பார்த்தான்.

ஊதாத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்தான்.

சிரிப்பு மெல்லக் கழன்று விழுந்தது.

"பழக்கதோசங்க அக்கா," என்றான். "காலு தானா நனையுது."

கவர் கீழே விழுந்தது. கவருக்குள் டிக்கெட் இல்லை. அவன் கையில் ஒரு முழ நீளக் கத்தி!

ரஞ்சிதா முறத்தோடு தீவனத்தை அவன் முகத்தில் வீசினாள். ஓடினாள். நாலே எட்டில் பின்னலைப் பிடித்து இழுத்தான். கத்தி தோளைக் கிழித்தது. சூடாய் ரத்தம் முழங்கை வரை ஓடியது.

"ஏன்டா பாவி? உனக்கு நான் என்ன பண்ணுனேன்?"

"நீ கேன்சல்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் வாரேன்?" அவள் தலையைக் கூண்டுக் கம்பியில் மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. "டிக்கெட்டே போடலடி நான்! காசெல்லாம் ஆன்லைன் ரம்மியில போச்சு! நாலு நாள்ல பெங்களூர் ஏர்போர்ட்ல போயி நீங்க ரெண்டு பேரும் பெட்டியோட நிப்பீங்க. டிக்கெட் டூப்ளிகேட்டுன்னு தெரியும். மறுநாள் என் கட முன்னாடி ஊரே நிக்கும்!"

"அதுக்கு... நாச்சிமுத்தண்ணன..."

"அவர் இல்லேன்னா ஊட்ட விட்டு நகர முடியாதுன்னு நீதானடி சொன்ன! உன்னையக் கொல்லணும்னா உன்னையவே அடிச்சிருப்பேன். 'நாச்சிமுத்தண்ணா'ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். 'யாரு சாமி'ன்னு கேட்டுட்டே குனிஞ்சாரு. அவர்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்!"

ஆக, குறி அவள் இல்லை. அடித்தது தமிழரசும் இல்லை!

லாக்கப்பில் கிடக்கும் அந்த ஈரத் தலை நினைவில் வந்தது. தட்டிவிட்ட கை நினைவில் வந்தது. அந்தக் கையிடம் மன்னிப்புக் கேட்காமல் சாவதா?

சபரியின் விரல்கள் தொண்டையை நெரித்தன. கண் இருண்டது. கை காற்றில் துழாவியது. எதுவோ தட்டுப்பட்டது.

முட்டை அட்டை. முப்பது முட்டை!

முழு பலத்தோடு அவன் முகத்தில் அறைந்தாள்.

மஞ்சளும் ஓடுமாய்க் கண்ணை மூடியது. உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தவன், கொழகொழத்த தரையில் வழுக்கி மல்லாந்தான். கத்தி எகிறிப் போனது. நாற்பதாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

ரஞ்சிதா சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள்.

முதல் வீச்சில் அவன் முழங்கால் சில்லு நொறுங்கியது.

"இது நாச்சிமுத்தண்ணனுக்கு!"

இரண்டாம் வீச்சில் மணிக்கட்டு.

"இது என் பெட்டிக்கு! மூணு நாளா அடுக்குனன்டா!"

மூன்றாவதற்கு ஓங்கினாள். கழுத்தைப் பார்த்து.

"ரஞ்சி! வேண்டாம் கண்ணு!"

வாசலில் தமிழரசு. பின்னால் துப்பாக்கியோடு சரிதா.

மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. ஓடிப் போய் அவன் மேல் விழுந்தாள். அவன் சட்டை முழுக்க ரத்தமும் மஞ்சள் கருவும்.

"மாமா... நான் உங்களையப் போயி... என்னைய மன்னிச்சிருங்க மாமா..."

"அழுவாத. தப்பு என் பேர்லதான். பொய் சொன்னது நானுதான."

"காலைல எங்கதான் போனீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். சரிதா சொன்னார்.

"நாமக்கல்ல ஒரு நீச்சல் குளம். பத்து நாளா அங்க சேந்து கத்துக்கறாராம். கோச் இப்பத்தான் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாரு. வியட்நாம்ல சின்னப் படகுல ரெண்டு பேரும் துடுப்புப் போடணுமாம். கவுந்தா உங்களக் காப்பாத்தணுமாம்."

"ஊரெல்லாம் கெணறு. எனக்கு மட்டும் நீச்சல் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?" காது வரை சிவந்தான் தமிழரசு. "அதுவும் பக்கத்துல எல்லாம் மூணாங்கிளாஸ் பசங்க. இடுப்புல டப்பா கட்டிட்டு..."

தோளில் ரத்தம் வழிய வழிய ரஞ்சிதா சிரித்தாள். அழுதாள். இரண்டும் கலந்து வந்தது.

கான்ஸ்டபிள்கள் சபரியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ஒரு கண் மட்டும் திறந்தது.

சரிதா செல்போனை அந்தக் கண்ணுக்கு முன்னால் நீட்டினார்.

"இவங்க ட்ரிப்ப விசாரிச்சா டிக்கெட்டே போடல; அதான் உன் கட கம்ப்யூட்டர நோண்டச் சொன்னேன், இந்த மெயில் கெடைச்சுது. நீ வெல விசாரிச்சு வச்சிருந்த ஹா லாங் படகுக்காரன் அனுப்பியிருக்கான். படிக்கவா?"

"என்... என்னதுங்க?"

"பெரிய புயல் வருதாம். இந்த வாரம் படகு கிடையாது, ஹனோய்க்கு விமானமும் சந்தேகம். பயணத்தை ரத்து செய்யவும்னு போட்டிருக்கான். அனுப்புனது விடிகாலை அஞ்சு மணி. நீ பண்ணைக்குள்ள நுழையறதுக்கு அரை மணி முன்னாடி!"

சபரியின் ஒற்றைக் கண் திரையில் மணியைத் தேடியது.

"சும்மா தூங்கியிருந்தாலே ட்ரிப் நின்னிருக்கும்டா. ஒரு மனுசன் உசுரு... ஒரு மெயில நீ தொறக்காததுல போச்சு."

தூரத்தில் நாச்சிமுத்து வீட்டுப் பக்கமிருந்து பறைச் சத்தம் வந்தது.

தமிழரசு தன் துண்டைக் கிழித்து மனைவியின் தோளில் கட்டினான். ரஞ்சிதா சபரியைக் கடைசியாய் ஒரு தடவை பார்த்தாள். தொண்டை வீங்கியிருந்ததால் குரல் கரகரத்தது.

"வானிலை பாக்கத் தெரியாதவனெல்லாம் ட்ராவல்ஸ் வச்சா இப்படித்தானுங்க மேடம்... நல்லவேளை, இவன நம்பிப் படகு ஏறல!"