நாற்பத்திரண்டாவது அனுமதி

நீக்கியாயிற்று என்று ஆன்டிவைரஸ் சொன்ன கோப்பு மூன்றாவது முறையும் பட்டியலில் நின்றது.

ஹரிஹரனுக்குச் சிரிப்புதான் வந்தது. செய்யூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் மாமனார் சின்னையனுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா? குரங்கு கையில் பூமாலை. மகள் அனு பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் இதில்தான் இருந்தன. இல்லாவிட்டால் மொத்தமாக அழித்துவிட்டு, சிறுசேரி ஆபீசில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருப்பான்.

நெட் வயரை முதலிலேயே பிடுங்கியிருந்தான். ஆன்டிவைரஸின் பழைய பதிவைத் திறந்தான். அனுவின் படங்களுக்கு நடுவே அதே கோப்பு நாற்பத்தொரு முறை பிடிபட்டிருந்தது. நாற்பத்தொரு முறையும் மாமனார் 'அனுமதி'யை அழுத்தியிருந்தார்.

"ஏன் மாமா?"

"உள்ள வரலாமான்னு கேக்குது மாப்ள. வாசல்ல வந்து நிக்கறவன போன்னு சொல்ற பழக்கம் நம்ம வூட்ல இல்லியே."

இதை வெட்கமில்லாமல் வேறு சொல்கிறார். போயும் போயும் இந்த வீட்டில் பெண்ணெடுத்தோமே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவர் மண்டிக்குக் கிளம்பிப் போனார்.

வெயிலில் காய்ந்த கோணிப்பையின் வாடையும், கொல்லைச் சவுக்கு மரங்களின் விடாத இரைச்சலும், உள்ளறையில் தூங்கும் அனு புரளும்போது சிணுங்கும் கொலுசும் தவிர வீட்டில் வேறொன்றும் இல்லை. அழிய மறுத்த கோப்பை இப்போது ஆன்டிவைரஸில் தனியே பூட்டி வைத்திருந்தான். அழிக்கும் முன் திறந்து பார்த்து நன்றாகச் சிரிக்க வேண்டும் அவனுக்கு. ஆபீசில் யாராவது இப்படிச் செய்தால் காறித் துப்புவான்.

'அனுமதிக்கலாமா?'

அழுத்தினான்.

ஒரு படம் திறந்தது. பாயில் அனு. இன்று காலை போட்ட மஞ்சள் கவுன். உத்தரத்திலிருந்து எடுத்தது போலிருந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது.

அடுத்த படம். இன்னும் கிட்டத்தில். அடுத்தது. அவள் இமை மட்டும்.

இமை திறந்திருந்தது.

கொலுசுச் சத்தம் இல்லை. ஓடினான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மேல்தாழ். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது எட்டாது.

"அனு! கதவத் திற!"

"அப்பா, உள்ள வரலாமான்னு கேட்டாங்க." தூக்கம் கலையாத குரல். அவன் தலைக்கு மேலேயிருந்து வந்தது. "நான் சரின்னுட்டேன்."

திரும்பினான். திரையில் புதிய படம். மூடிய கதவு, உள்பக்கம். தாழுக்கு நேராக அனுவின் முகம். கவுனுக்குக் கீழே இரண்டு கால்களும் தரை தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன.